மறுசீர்

எங்கள் தெருவுக்குச் சேதி வருகிறதென்றால் கருவாட்டு வாசனையோடுதான் வரும். பட்டம்மாள் வாலாஜாபாத்தில் நெத்திலியும் வாளையும் வாங்கிக் கூடையில் அடுக்கி, பஸ் பிடித்துச் சின்ன காஞ்சிபுரத்தில் இறங்கி, வேகவதிக் கரையோரம் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்குள் நாலு வீட்டுக் கர்ப்பமும் ரெண்டு வீட்டுப் பாகப்பிரிவினையும் கூடையில் சேர்ந்திருக்கும். பெருமாள் கோயில் மாட வீதிப் பக்கம் மட்டும் கூடையை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு போவாள். அங்கே அடக்கியதற்கும் சேர்த்து இங்கே திறந்துவிடுவாள்.

அந்த ஐப்பசியில் அவள் கொண்டுவந்தது சொந்த வீட்டுச் சேதி. மருமகள் கலையரசிக்குக் கம்பெனியில் மறுசீர் வைக்கப்போகிறார்களாம்.

இஸ்திரி வண்டிக்காரர் கோதண்டபாணி பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். “எந்த ஊர்ல பட்டம்மா, மொதலாளி சீர் வச்சிருக்கான்?”

“இத்தாலிக்காரன் வைக்கிறான். உன் மொதலாளி மாதிரின்னு நெனச்சிக்கினியா?”

“எனக்கேது மொதலாளி? கரிக்கடைக்காரன்தான்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ஆனா வைப்பான் வைப்பான். இத்தாலின்ற பேர்லயே தாலி இருக்குதே” என்றார்.

இந்தச் சீர் விஷயத்தில் பட்டம்மாளுக்கு ஒரு பழைய புண் உண்டு. கலையரசி இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் தாய்வீட்டிலிருந்து வந்தது ஒரு குடம், ஒரு பாய், ஒரு கட்டில். அந்தக் கட்டிலுக்கும் ஒரு கால் ஆடும். கல்யாணமாகிப் பெண் பிறந்து அந்தப் பெண் சுகாசினி ஆறாம் வகுப்புக்குப் போன பிறகும், யாராவது அந்தக் கட்டிலில் உட்கார்ந்தால் போதும், பட்டம்மாள் சமையலறையிலிருந்தே, “பாத்து, சீர்க்கட்டிலு” என்பாள். கலையரசி அந்த ஆடுகிற காலுக்கு ஒரு செங்கல்லை நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள்.

ஆகவே கம்பெனி சீர் வைக்கிறது என்றால் பட்டம்மாளுக்குப் பாதி சந்தோஷம், பாதி பழிதீர்த்த திருப்தி. இந்த மறுசீர் எப்படிக் கிளம்பியது என்பதை நாங்கள் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர் ஆனந்தராஜ், மத்தியான இடைவேளையில் எல்லாரையும் கேன்டீன் தகரக் கொட்டகைக்குக் கீழே கூட்டி, போனைப் பார்த்து வாசித்திருக்கிறார். உலகளாவிய மறுசீரமைப்பில் நம் வாலாஜாபாத் குடும்பமும் பங்கு பெறுகிறது, வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து மேடம் வருகிறார், குடும்பத்தோடு வரலாம், ஒவ்வொருவருக்கும் தட்டு வைத்து மரியாதை செய்யப்படும். கலையரசி வீட்டுக்கு வந்து, நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே இதை அத்தையிடம் அப்படியே ஒப்பித்தாள். மறுசீர், குடும்பத்தோடு, தட்டு. பட்டம்மாளுக்கு இந்த மூன்று வார்த்தை போதாதா? ‘அமைப்பு’ என்று பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த வாலை, நெத்திலி வாலோடு சேர்த்துக் கிள்ளிப் போட்டுவிட்டாள்.

கலையரசியும் திருத்தவில்லை. அவளுக்கு மட்டும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா என்ன? ஷிப்டு மாற்றுவார்கள், பிரிவு மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

இந்த இடத்தில் கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாலாஜாபாத்தில் ஒரு பழைய அரிசி மில்லை வாங்கி, உமி வாசனை போவதற்குள் வெள்ளையடித்து, போர்டு மாட்டினார்கள். இத்தாலிப் பேர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்கள் டை கம்பெனி என்போம். கழுத்தில் கட்டுகிற டைக்குப் பட்டுத்துணி நெய்கிற கம்பெனி. இந்த ஊரில் டை கட்டுகிறவர்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதுவும் எலாஸ்டிக் வைத்தது. தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனி, பழுதான டைகளை ஆளுக்கு ரெண்டு கொடுக்கும். கலையரசியின் புருஷன் தனசேகரன் அவற்றில் ஒன்றால்தான் தன் ஷேர் ஆட்டோவின் பின்கதவைக் கட்டியிருக்கிறான். எங்கள் வீட்டில் ஒன்றால் முருங்கைக்கிளையை இழுத்துக் கட்டியிருக்கிறோம். பட்டு, பட்டுதான். மழையில் நனைந்தாலும் முடிச்சு நழுவவில்லை.

தறிகள் புதிதல்ல. இத்தாலியில் ஒரு ஏரிக்கரை ஊரில் ஓடிக்கொண்டிருந்தவை. அந்த ஆலையை மூடிவிட்டு, தறிகளைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். வரும்போது நாங்கள் பூசணிக்காய் உடைத்தோம், பொங்கல் வைத்தோம். ஒரு ஊரில் அடுப்பு அணைந்துதான் நமக்கு இங்கே பற்றியிருக்கிறது என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. நினைத்தால் மட்டும் பொங்கலை இறக்கியா வைத்திருப்போம்?

தறியோடு ஓர் அம்மாளும் வந்தாள். ராபர்ட்டா. அந்த ஆலையில் வயதுக்கு வந்த காலத்திலிருந்து வேலை பார்த்தவள். தறியை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தால் உனக்கு மட்டும் வேலை உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கலையரசியோடு ஒட்டிக்கொண்டாள். ரெண்டு பேருக்கும் இருந்த ஒரே பாஷை, முடிச்சு.

கலையரசி அதற்கு முன்னால் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போய்க்கொண்டிருந்தவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளுக்குத்தான் பாவு என்று பேர். ஒரு பாவு முடிந்ததும் அதை முழுக்க உருவிவிட மாட்டார்கள். ஒரு முழம் விட்டு அறுப்பார்கள். அந்தப் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் வைத்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துவிட வேண்டும். அப்புறம் இழுத்தால் புதுப்பாவு பழைய பாவின் வழியிலேயே, தறியில் இழைக்கு ஒன்றாக இருக்கிற கண்களில் கண் கண்ணாக நுழைந்து வந்துவிடும். ஆயிரக்கணக்கான இழை. குனிந்த தலை நிமிராத வேலை. இத்தாலியில் இதற்கு மெஷின் இருந்ததாம். மெஷினை மட்டும் அவர்கள் அனுப்பவில்லை. இங்கே விரல் மலிவு என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறான்.

ராபர்ட்டா வந்த அன்று பெட்டியைப் பிரித்தால், தறிகளில் பாவு இருந்தது. அங்கே கடைசி நாளில் பாதி நெய்ததை அறுத்து, நுனிகளைக் கொத்துக் கொத்தாக முடிந்து அனுப்பியிருந்தார்கள். நீலப் பட்டு. எந்தெந்தக் கை முடிச்சுப் போட்டதென்று ராபர்ட்டா ஒவ்வொரு கொத்தையும் தொட்டுப் பேர் சொன்னாளாம். கலையரசி அந்த நீலத்தின் நுனியில் நம்மூர்ப் பட்டைத் திரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ராபர்ட்டாவும் சாம்பல் தொட்டாள். கிளம்பும்போது ஒரு பொட்டலம் சாம்பல் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கென்று கேட்டால், எங்கள் ஊரில் அடுப்பு இல்லை என்று போனில் தமிழாக்கிக் காட்டினாளாம்.

அப்படிப்பட்ட தறிதான் இந்த ஐப்பசி வரைக்கும் ஓடியது. புதன்கிழமை சாயங்காலம் கலையரசி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியபோது முகம் சரியில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்க்கிறதற்கு வாசல், கேட்கிறதற்கு நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இதற்குமேல் ஒரு தெருவில் என்ன வசதி வேண்டும்?

பட்டம்மாள் அப்போது வீட்டில் இல்லை. சீருக்கு வர ஆள் கூப்பிடப் போயிருந்தாள். தனசேகரன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆனந்தராஜ் கலையரசியைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாத் தறியிலும் பாவை ஒரு முழம் விட்டு அறுத்து, நுனியைக் கொத்துக் கொத்தாக முடிந்து வைக்கச் சொன்னாராம். சனிக்கிழமை லாரி வருகிறதாம்.

“அறுத்தா அறுத்துக் குடு. அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வச்சிக்கினுக்குற?” என்றான் தனசேகரன்.

“பிணைக்கறதுக்கு அறுத்தா புதுப் பாவு பக்கத்துல இருக்கும். இங்க இல்ல. வேற யாரோ எங்கயோ பிணைக்கப்போறாங்க. நீல நூல் வந்துச்சே, அதே மாதிரி.”

அவன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். ஷேர் ஆட்டோ என்பது வைகுண்ட ஏகாதசிக்கும் கருடசேவைக்கும் ஓடும். மற்ற நாளில் ஸ்டாண்டில் நிற்கும். மாதம் தவறாமல் அந்த வீட்டில் நுழைந்தது கலையரசியின் சம்பளம் ஒன்றுதான். பழையபடி பிணைக்கப் போகலாமென்றால் பிள்ளையார்பாளையத்தில் அவள் இடத்தில் வேறு கைகள் வந்துவிட்டன.

அவள் ராபர்ட்டாவுக்குப் போனில் எழுதினாள். அங்கே அப்போது மத்தியானமாம். கலையரசி எழுதிய கேள்வி மறுசீரமைப்பு என்றால் என்ன என்பதுதான். பதில் போனே தமிழாக்கியபடி வந்தது. தனசேகரன் உரக்க வாசித்தான். அதனால்தான் எங்களுக்கும் தெரியும்.

‘உன் வார்த்தையை நான் அறிவேன். எங்களிடமும் அது வந்தது. நான் இந்தியாவிலிருந்து திரும்பினேன், பூக்கள் கொடுத்தார்கள். நான் கையெழுத்து இட்டேன். நானே என்னை வெளியே அனுப்பினேன் என்று காகிதம் சொல்கிறது. கலை, பூவை வாங்கு. பேனாவை வாங்காதே.’

“இத அம்மாகிட்ட யார் சொல்றது?” என்றான் தனசேகரன். பட்டம்மாள் அந்நேரம் எங்கள் தெருத் தேவசகாயம் வீட்டு வாசலில் நின்று, எந்தப் புடவை கட்டிக்கொண்டு வரவேண்டுமென்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தில் நமக்கெதற்கு.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தனசேகரன் ஆட்டோவில் பட்டம்மாள், சுகாசினி, தேவசகாயத்தின் மனைவி வடிவு, கோதண்டபாணி, நாங்கள் ரெண்டு பேர் என்று அடைந்துகொண்டு போனோம். பட்டம்மாள் மடியில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று. சீர்த் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதல்லவா, அதற்காக நல்ல வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். ஆட்டோவுக்குள் மூச்சுவிட முடியவில்லை. கோதண்டபாணி, இத்தாலிக்காரி இதை முகர்ந்தால் தறியை விட்டுவிட்டு ஓடிவிடுவாள் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

கம்பெனியில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. ஆளை வெளியே அனுப்புகிறதற்கு வாழைமரம். சந்தனம், பன்னீர்ச்சொம்பு. நம்ம கலாச்சாரப்படி செய்யவேண்டுமென்று ஆனந்தராஜே ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தாராம். நீளமான மேஜையில் வரிசையாகப் பித்தளைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச்சரம், தேங்காய், சுருட்டி வைத்த ஒரு டை. தேங்காய்க்கு அடியில் ஒரு காகிதம். காகிதத்தின்மேல் ஒரு பேனா.

மேடம் வயதானவள் அல்ல. காட்டன் புடவை கட்டியிருந்தாள், யாரோ கட்டிவிட்ட புடவை. கைகூப்பினாள். ஏதோ பேசினாள். அதை ஆனந்தராஜ் தமிழாக்கினார். ஐரோப்பாவில் இப்போது யாரும் டை கட்டுவதில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். கம்பெனி கனத்த மனதோடு சில முடிவுகள் எடுக்கிறது. இது முடிவல்ல, புதிய தொடக்கம். வெள்ளைக்காரன் தன் கழுத்தில் கட்டிக்கொள்ளாததற்கு எங்கள் கழுத்தில் ஏன் கயிறு என்று வடிவு என் காதில் கேட்டாள். அப்படியே டைதான் போயிற்றென்றால் தறியை மட்டும் எதற்கு லாரியில் ஏற்றுகிறார்கள்? எங்கோ ஒரு தேசத்தில் இன்னும் மலிவான விரல் கிடைத்திருக்கிறது, வேறென்ன.

பட்டம்மாளுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தேங்கா சின்னதுதான். போவட்டும்” என்றாள்.

மூத்தவள் என்று கலையரசியை முதலில் கூப்பிட்டார்கள். போனாள். மல்லிகைச்சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். ஆனந்தராஜ் பேனாவை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“ராபர்ட்டாவுக்கும் இந்தத் தட்டுதான் வச்சீங்களான்னு மேடத்த கேளுங்க சார்.”

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? ஒரு சைன் போட்டுட்டு எல்லாரும் சாப்பிடப் போலாம். வடை பாயசம் சொல்லியிருக்கு.”

“பூ வச்சீங்கன்னு அவங்களே சொன்னாங்க. தேங்கா வச்சீங்களான்னுதான் தெரியல.”

ராபர்ட்டா என்ற பேர் மட்டும் மேடத்துக்குப் புரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. ஆனந்தராஜிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அதை மட்டும் அவர் தமிழாக்கவில்லை.

பட்டம்மாள் எழுந்து மேஜைக்கே போய்விட்டாள். “இன்னாடி அது பேப்பரு?”

“நானே வேலைய வாணாம்னு வுட்டுட்டுப் போறேன்னு எழுதியிருக்குது அத்த.”

“நீ சொன்னியா வாணாம்னு?”

“இல்ல.”

“அப்ப இந்தச் சீரு?”

கலையரசி அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. “சீர் இல்ல அத்த. தீத்து வுடறாங்க.”

பட்டம்மாள் கத்தப்போகிறாள் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவள் கத்தவில்லை. கருவாடு விற்கும்போது எடை குறைகிறது என்று சொல்பவர்களிடம் பேசுகிற நிதானத்தில்தான் ஆரம்பித்தாள்.

“யப்பா, நீ படிச்சவன். எங்க சனத்துல ஒரு மொற இருக்குது. பொண்ண தீத்து வுடறதுன்னா, அவ கொண்டாந்தத எல்லாம் நடுவுல வச்சுத் திருப்பிக் குடுத்துடணும். எங்கூட்டுக்கு இவ கொண்டாந்தது ஒரு கால் ஆடற கட்டிலு. அத நான் சொல்லிக்காட்டாத நாளில்ல. உங்கூட்டுக்கு இன்னா கொண்டாந்தான்னு தெரியுமா ஒனக்கு? கண்ணு கொண்டாந்தா. இப்ப ஊசில நூல் கோக்க எம்பேத்தியக் கூப்புடறா. இடுப்பு கொண்டாந்தா. குந்தினா எழுந்துக்க செவுத்தப் புடிக்கறா. பொண்ணுக்குச் சொரம்னாலும் இங்கதான் வந்து குனிஞ்சா. அதெல்லாம் எடுத்துத் தட்டுல வை. வச்சீன்னா அது மறுசீரு. தேங்கா வச்சீன்னா, அது கருமாதி.”

பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். காகிதத்தையும் பேனாவையும் அப்படியே தட்டில் விட்டுவிட்டு, அவற்றின்மேல் வஞ்சிரத் துண்டுகளை வைத்து, தட்டை மேடத்தின் பக்கம் நகர்த்தினாள். “வெறுந்தட்டா அனுப்பக்கூடாது. எங்க மரியாத.”

அப்புறம் எல்லாரும் ஒரே குரலாக எழுந்து நின்றார்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள். வீட்டில் என்ன முட்டியதோ. அவர்களைத் திட்ட எங்களுக்கு வாயில்லை. மற்றவர்கள் பூவை எடுத்துக்கொண்டு தட்டை வைத்துவிட்டு வந்தார்கள். வடை பாயசம் அப்படியே இருந்தது. கோதண்டபாணி ஒரு வடையை மட்டும் சாப்பிட்டார். அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லையே.

கிளம்புகிற நேரத்தில் ஆனந்தராஜ் கலையரசியிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. சைன் விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம், இன்னும் அறுக்காமல் நிற்கிற பாவை மட்டும் ஒழுங்காக அறுத்து முடிந்து கொடுத்துவிடுங்கள் என்றார். வேறு ஆளை வைத்து அறுத்தால் நுனி உருவிக்கொண்டு கண்ணை விட்டு வந்துவிடும்; அப்புறம் ஒவ்வொரு இழையாகக் கோத்தெடுக்க எந்தத் தேசத்தில் ஆள் பிடிப்பது? அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

“அறுக்கறது வேலைல இருக்கறவங்க செய்றது சார்” என்றாள் கலையரசி. “நான் வேலைல இருக்கறனா இல்லியா? மொதல்ல அத சொல்லுங்க.”

இருக்கிறாய் என்றால் காகிதம் பொய். இல்லை என்றால் பாவு அப்படியே நிற்கும்.

சனிக்கிழமை லாரி வந்தது. கேட்டுக்குள் போகவில்லை. கார்த்திகை பிறந்தும் மில்லுக்கு எதிரே புளியமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறது. மேலிடத்தில் பேசுகிறார்களாம். எங்கே பேசினாலும் கலையரசியும் மற்றவர்களும் காலையில் போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டதால் தனசேகரன்தான் ஆட்டோவில் ஏற்றிப் போகிறான். பின்கதவில் அதே டை. ஓடாத தறியைப் படம் பிடித்து ராபர்ட்டாவுக்கு அனுப்பினாள் கலையரசி. நீலம் எங்கே முடிந்து நம் நூல் எங்கே தொடங்கிற்று என்பது இப்போது யாருக்கும் தெரியாது, ஆனாலும் அந்த அம்மாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்திருக்க வேண்டும். பதிலுக்கு ஒரு வார்த்தைதான் வந்தது: ‘அறுக்காதே.’

பட்டம்மாள் வழக்கம்போலக் கூடையோடு வருகிறாள். அந்தக் கட்டிலைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நேற்று வடிவு போய் அதில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து சத்தமே வரவில்லையாம்.

கோதண்டபாணிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. காலையில் இஸ்திரிப்பெட்டிக் கரியை விசிறிக்கொண்டே கேட்டார்: “இன்னா பட்டம்மா, மறுசீர் வந்துச்சா?”

பட்டம்மாள் கூடையை இறக்கிவைத்து, ஈக்களை ஓட்டினாள்.

“வரும். மொதல்ல கண்ண திருப்பிக் குடுங்கன்னு சொல்லியிருக்கோம். தேடிக்கினு இருக்காங்க.”